போய் வருகிறேன்

விடைபெறும்போது "போய் வருகிறேன்" என்பது நம்மவர் மரபு. அதையே இந்தியில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்ட நம்மவருக்காக, ஜபல்பூர் அலுவலக நண்பர்கள் தேநீரை மூடிவைத்துக் காத்திருந்ததுண்டு. குற்றம் எவருடையது? இரு தரப்புக்கும் பாதிப் பாதி என்போம்.

ஆட்டிசம் உடையோர்க்கு மட்டும் நெடுங்காலம் வேறு நீதி வழங்கப்பட்டது. பிறர் மனத்தை அறியாதவர் அவர்களே என்றனர். தாமும் ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் இதனை மறுத்து, புரியாமை இரு பக்கத்தது என்று 2012-இல் எழுதினார். 2020-இல் வெளியான எடின்பரோ ஆய்வொன்றில், ஒரு கதையை ஒருவர் அடுத்தவர்க்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவர்க்குச் சொல்ல, எட்டுப் பேர் வரிசையில் அது சென்றது. ஆட்டிசம் உடையோர் மட்டுமே இருந்த வரிசையிலும், அஃது இல்லாதோர் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை ஏறத்தாழ ஒரே அளவில் நிலைத்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் விரைவாகத் தேய்ந்தது.

நமது ரயில்வே குடியிருப்பில் அத்தகைய இளைஞர் ஒருவர் உண்டு. "போய் வருகிறேன்" என்றால் வாயிலிலேயே காத்து நிற்பார். அண்டை வீட்டார் சிலர் அதைப் பேதைமை என்றனர். சொன்ன சொல்லை நம்புவதா பேதைமை? இப்பொழுது நாம் நாளும் மணியும் சொல்லிப் புறப்படுகிறோம். அவரும் தம் பங்குக்கு, "இது வழக்கச் சொல்லா, வரும் சொல்லா?" என்று கேட்டறிகிறார். முகம் பார்த்துப் பேசும்படி எவரும் அவரை வற்புறுத்துவதில்லை. ஞாயிறு மாலைகளில் வேப்பமரத்தடியில் அருகருகே அமர்ந்து, பேச்சின்றித் தேநீர் அருந்துகிறோம். நம் வீட்டாருக்கு அந்த மௌனம் பழகச் சில மாதங்கள் ஆயின.