கீழாநெல்லியும் கூகுளாண்டவரும்

அச்சன்புதூர்ப் பக்கம் வரப்போரம் குனிந்தால் கீழாநெல்லி கைக்கு வந்துவிடும். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால் போதும், "கீழாநெல்லிய அரச்சு மோருல கலக்கிக் குடிளா" என்று ஆச்சிமார் ஆரம்பித்துவிடுவார்கள். இந்த ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு அவள் கீழாநெல்லியைத்தான் எடுப்பாள். வேறென்ன, கைக்கெட்டும் செடி, காசும் செலவில்லை!

முதல் வேலை கூகுளாண்டவரிடம் முறையிடுவது. அவரும் கைவிட மாட்டார். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரையை எடுத்து நீட்டுவார். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வு அது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் புளூம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். அந்தக் கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

நோபல்காரர், லான்செட், நம்ம ஊர்ச் செடி. இதற்குமேல் என்ன வேண்டும்? அந்தப் பெண் அதை அப்படியே 'முந்தைய ஆய்வுகள்' பகுதியில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவாள். பெரும்பாலானவர்கள் போய்விடுகிறார்கள்.

போயிருக்கக் கூடாது. கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும், இதைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் சுட்டி ஒன்று சின்னதாக இருக்கும். அதைத் தட்டினால்தான் கதையின் இரண்டாம் பாதி. 1990-இல் அதே லான்செட்டில் தாய்லாந்துக்காரர்கள் எழுதினார்கள்: நாங்களும் கொடுத்துப் பார்த்தோம், கிருமி போகவில்லை. பிறகு பல சோதனைகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2011-இல் வந்தது. போலி மருந்தோடு ஒப்பிடும்போது கீழாநெல்லி இன வகைகளுக்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது அது.

சென்னை ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு சின்ன ஆய்வு, மற்ற இடங்களில் அதேபோல் நடக்கவில்லை, அவ்வளவுதான். அறிவியலில் இது சாதாரணம். ஆனால் முதல் பாதியை மட்டும் படித்தவர் கையில் இது சாதாரணமாக இருக்காது. மஞ்சள் காமாலை ஒரு நோய் அல்ல, அறிகுறி. தண்ணீர் மூலம் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அந்தப் பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போய்விடுகிறது. பி வகை அப்படியல்ல. நாள்பட்டுத் தங்கினால் சத்தமில்லாமல் இருந்து பல வருடங்கள் கழித்துக் கல்லீரலைச் சுருக்கிவிடும், புற்றுநோயும் வரலாம். அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் இருக்கும்போது மோரைக் குடித்துக் காத்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

பெயர் விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. பழைய இந்தியத் தாவர நூல்கள் கீழாநெல்லியை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதின. அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்முடையது 'பில்லாந்தஸ் அமாரஸ்'. புளூம்பர்க் பங்கேற்ற 1987-ஆம் வருடக் கட்டுரையின் தலைப்பில் நிரூரி, 1988-இல் அமாரஸ்! ஒரு பெயரை மட்டும் தட்டச்சு செய்து தேடினால் பாதிக் கட்டுரைகள் கண்ணிலேயே படாது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர். 1974-இல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் வைத்த பெயர் அது. பெயர் புதிதே தவிர, விஷயம் நமக்குப் புதிதில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே விதி எழுதியவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அப்படிப்பட்ட மாநிலத்தில் இன்று பல கல்லூரிகளில் நடப்பது என்ன? முதல் வாரம் ஒருமணி நேர 'நூலக அறிமுகம்'. அலமாரி இங்கே, கையெழுத்து அங்கே. புராஜெக்ட் தொடங்கும்போது அதில் ஒரு வரிகூட ஞாபகம் இருக்காது.

இங்கேதான் கலப்புமுறைக் கற்றல் உதவும். ஒரு பாடத்தில் 40 சதவீதம்வரை இணையத்தில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் யோசனை வெளியிட்டது. ஆனால் எதை இணையத்தில் வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வகுப்பில் பேசுவதையே வீடியோ பிடித்துப் போட்டால் அது கலப்பு அல்ல, தண்ணீர் ஊற்றிய பால்.

எந்தச் சுட்டியைத் தட்டுவது, இரண்டு பெயர்களை எப்படிச் சேர்த்துத் தேடுவது, பப்மெட்டில் சுருக்கத்தை எங்கே பார்ப்பது, இதெல்லாம் பத்து நிமிட வீடியோவில் முடியும். புரியாவிட்டால் பஸ்ஸிலேயே நாலு முறை திருப்பிப் பார்க்கலாம். வகுப்பில் முப்பது பேரும் ஏழெட்டுக் கணினிகளைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 37-இல் 22 என்பதை எவ்வளவு நம்பலாம், போலி மாத்திரைக் குழுவில் ஏன் 23 பேர்தான், முரண்படும் இரண்டு கட்டுரைகளை ஒரே பத்தியில் எப்படி எழுதுவது? இதற்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்க வேண்டும். நூலகரும் தாவரவியல் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நூலகருக்குத் தேடத் தெரியும், ஆசிரியருக்குச் செடி தெரியும்.

இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியிடம் கேட்டால், இல்லாத கட்டுரைக்குக்கூட இதழ், வருடம், பக்க எண்ணோடு மேற்கோள் தந்துவிடும். வீட்டுப்பாடமாக அப்படிப் பத்து மேற்கோள் வாங்கி வரச்சொல்லி, வகுப்பில் ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் தட்டிப் பார்க்கச் செய்யலாம். எத்தனை திறக்கவில்லை என்று அவர்களே எண்ணட்டும்.

அந்த அச்சன்புதூர்ப் பெண்ணின் புராஜெக்டில் இனி 1988, 1990, 2011 மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். அழுத்திக் காயவைத்த செடியின் சீட்டில் அமாரஸ் என்ற பெயரும், பழைய நூல்களில் நிரூரி என்ற குறிப்பும் இருக்கும். ஆச்சியிடம் அவள் பேச வேண்டியது தனி. மோர் குடிக்கிறவர் குடிக்கட்டும், முதலில் ரத்தத்தைக் கொடுத்து ஏ-யா பி-யா என்று பார்த்துவிட்டு வரட்டும்.