பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் கார் இளைக்குமா?

கார் பந்தயம் என்றதும் எல்லோருக்கும் பெரிய இன்ஜின்தான் நினைவுக்கு வரும். ஆனால் காரின் எடையைக் குறைத்தால் சின்ன இன்ஜினும் சீறும். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்தே குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இன்று கோவை செட்டிபாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த கார்களை ஓட்டிப் பார்க்கும் ஃபார்முலா பாரத் போட்டி நடந்து வருவதும் அங்கேதான்.

அதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொந்தக் காரை இளைக்க வைக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. பின் சீட், ஸ்டெப்னி, தரை விரிப்பு எல்லாம் கழன்ற பிறகு கண்ணில் படுவது போனட்டுக்குள் இருக்கும் பேட்டரி. சுமார் 15 கிலோ! உடனே அதைத் தூக்கி டிக்கியில் வைத்துவிடலாம் என்று தோன்றும்.

இங்கேதான் ஒரு சின்னக் குழப்பம். வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் டிவிஎஸ் 50-இல் எலுமிச்சை மூட்டை கொண்டு போகிறவரைக் கேட்டால் தெளிவாகச் சொல்வார். மூட்டையை முன்னாலிருந்து கேரியருக்கு மாற்றினால் வண்டி ஓடும் விதம் மாறும், மூட்டையின் எடை மாறாது. பேட்டரியும் அப்படித்தான். சொல்லப்போனால் எடை கூடும். இன்ஜின் வரை 5 மீட்டர் தடித்த கேபிள் வேண்டும். 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்றால் செம்பு மட்டுமே 2 கிலோவைத் தாண்டும்.

அப்படியானால் லாபம் என்ன? சமநிலை. 1000 கிலோ காரில் முன்சக்கரங்கள் 600 கிலோவும் பின்சக்கரங்கள் 400 கிலோவும் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். 15 கிலோவை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாற்றினால் அது 585, 415 ஆகும். வளைவுகளில் இது உதவும். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காருக்குக் கம்பெனியிலேயே பேட்டரி டிக்கியில்தான். ஆனால் அது சீல் செய்த சிறிய பேட்டரி, வாயு வெளியேறத் தனிக் குழாயும் உண்டு. வீட்டில் மாற்றுகிறவர்கள் கோட்டை விடுவது இந்த மாதிரி விஷயங்களில்தான்.

முதலாவது, பிடிமானம். பலமான மோதலில் வேகம் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையுடன் தடைபட்டால், 15 கிலோ பேட்டரி 300 கிலோ பாரமாக இழுக்கும். கயிறு, ரப்பர் பட்டை எல்லாம் எம்மாத்திரம்? பாடியின் இரும்போடு போல்ட் போட்ட தட்டும் கிளாம்ப்பும் அவசியம்.

இரண்டாவது, வாயு. சார்ஜ் ஏறும்போது ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மூடிய டிக்கியில் அது தேங்கினால் ஒரு பொறி போதும். எனவே மூடிய பெட்டியும், அதிலிருந்து காருக்கு வெளியே போகும் குழாயும் தேவை.

மூன்றாவதுதான் மிக முக்கியம், கேபிள். முன்பு ஒரு மீட்டருக்குள் முடிந்த ஒயர் இப்போது சீட்டுக்கு அடியில், பெட்ரோல் டேங்க் பக்கமாகப் போகிறது. தகட்டின் ஓரம் உரசி ரப்பர் கிழிந்தால் பாடியே எர்த் என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கேபிள் பழுத்து, காரே எரியலாம். பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருந்தால் அது உருகிக் காரைக் காப்பாற்றும். அது ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க வேண்டும், ஆனால் கேபிள் சூடாகும் முன் உருகிவிட வேண்டும். தகட்டைத் துளைக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையமும் வேண்டும்.

பந்தயக் கார் என்றால் வெளியிலிருந்து அணைக்கும் சுவிட்சும் வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது. இன்ஜின் ஓடும்வரை ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். ஆகவே சுவிட்ச் இன்ஜினையும் நிறுத்த வேண்டும்.

வேலை தொடங்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் பாடியில் பட்டாலே தீப்பொறிதான்.

எடை குறைவதுதான் குறிக்கோள் என்றால் பேட்டரியை இடம் மாற்றாமல், அதே இடத்தில் சிறிய பேட்டரியோ, காரின் சார்ஜிங்குக்குப் பொருந்தும் லித்தியம் பேட்டரியோ வைக்கலாம். பல கிலோ உண்மையாகவே குறையும், புதுக் கேபிளும் வேண்டாம். சமநிலைக்காக டிக்கிதான் என்று முடிவெடுத்தவர்கள், பேட்டரி வாங்கும் முன்பே ஃபியூஸை வாங்கிவிடுவது நல்லது!