அம்மா கேட்ட கேள்வி

பிற்கால ரோமப் பேரரசு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். டயோக்ளீஷியன் மாகாணங்களை ஏறத்தாழ இருமடங்காக்கினார், அவற்றை 12 தொகுதிகளாக்கினார் என்று தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவேன்.

சென்ற கோடை விடுமுறையில், அண்ணனுக்கு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். தொகையையும் சொன்னார். அப்பா நிலத்தை விற்கலாமா என்று யோசித்தார். அதுவரை வாய் திறவாதிருந்த அம்மா, "இவ்வளவு கொட்டிக் கொடுத்து உள்ளே போறவன் அதை யார்கிட்ட எடுப்பான்?" என்றாள். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரி திறந்ததும், நூலகத்தில் அம்மாவின் கேள்வி எனக்காகக் காத்திருந்தது! கி.பி. 535இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டம் அதைத்தான் கேட்கிறது. ஆளுநர் பதவியைக் கடன் வாங்கியேனும் விலைக்கு வாங்கியவன், கொடுத்ததைப் பன்மடங்காகக் குடிகளிடம் கறக்காமல் விடுவானா? ஆகவே இனிப் பதவிக்கு விலை இல்லை. எவருக்கும் பணம் தரவில்லை என்று ஆளுநர் சத்தியம் செய்ய வேண்டும். அவர் தவறினால் ஆயர்கள் பேரரசருக்கு எழுதலாம். இதைப் பற்றி அரசி தியோடராவுடன் கலந்து பேசியதாகவும் சட்டத்திலேயே சொல்லியிருக்கிறார். பிசிடியா, லைக்கவோனியா போன்ற மாகாணங்களில் படையதிகாரத்தையும் ஆளுநரிடமே சேர்த்தார்.

குடிகள் மேல் இரக்கம் மட்டுமன்று. ஆளுநன் சுரண்டாவிட்டால் அரசின் வரி குறையாமல் வரும் என்ற கணக்கும் உண்டு. அவ்வாண்டுதான் இத்தாலியப் போர் தொடங்கிற்று. போருக்குப் பொன் வேண்டுமே!

ஓராண்டுகூட ஆகுமுன் பதவிகள் மீண்டும் பகிரங்கமாக விலைபோயின என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் புரொகோப்பியஸ் எழுதுகிறார். ஜஸ்டினியனைக் கண்டாலே ஆகாதவர் அவர். ஆயினும் முழுப்பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விதி. பதவி முடிந்த ஆளுநர் உடனே ஊரைவிட்டுப் போகக்கூடாது. 50 நாள் அங்கேயே தங்கி, குடிகளின் வழக்குகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா நிலத்தை விற்கவில்லை. அண்ணன் இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த 50 நாள் கதையைச் சொன்னபோது, "அது நடந்துச்சாடா?" என்று கேட்டார். ஜஸ்டினியனுக்கு அரை நூற்றாண்டு முன்பே பேரரசர் ஸீனோ இதே விதியைப் போட்டிருந்தார் என்றேன். அண்ணன் சிரித்துவிட்டு, அஞ்சல் உறையை ஒட்டலானார்.