பன்னிரண்டு வோல்ட் பாடம்

மூன்றாமாண்டு மின்னியல் என்றாலே சொந்தக்காரர்களுக்கு நாம் முழு இன்ஜினியர்! மிக்ஸி முதல் மோட்டார் வரை நம்மிடம்தான் வரும். அப்படித்தான் கேம் ஆடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண சித்தி மகன் என்னைக் கூப்பிட்டான். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இரண்டு வருஷம் சேர்த்து ஆர்.டி.எக்ஸ். 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தான். கையில் காசு தீர்ந்துபோச்சு.

"அண்ணே, பவர் சப்ளை எது வாங்கலாம்?"

"கரண்டு கொடுக்கிற டப்பாதானேடா! இதுலயும் 750 வாட்னுதான் போட்டிருக்கு" என்று விலை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

ஆட்டத்தில் சண்டை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து மெஷின் பொட்டென்று அணையும். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் டப்பாவின் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். 12 வோல்ட் லைனில் 38 ஆம்பியர். பெருக்கினால் 456 வாட்! மீதி, 3.3, 5 வோல்ட் லைன்களையும் கூட்டிப் போட்ட கணக்கு. கார்டு மட்டுமே 320 வாட் இழுக்கும்; பிராசசருக்கும் அதே 12 வோல்ட்தான். போதாததற்கு, சில மில்லிசெகண்டுக்குக் கார்டு அந்த அளவையும் தாண்டி எகிறும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அம்மீட்டர் முள் துள்ளுவதை லேபில் பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதியவன்தான் நான்!

என் ஸ்காலர்ஷிப் பணத்தைப் போட்டு வேறு வாங்கினோம். அதுவும் 750 வாட்தான். ஆனால் 12 வோல்ட்டில் 62 ஆம்பியர். கடையிலேயே அவனைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். இப்போது அணைவதில்லை. பழைய டப்பா என் ஹாஸ்டல் அலமாரியில் இருக்கிறது, லேபிள் தெரிகிற மாதிரி.