243 மைல்

கடலில் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவன் என்றதும் நம் கவிஞர்களுக்கு ஏகாந்தம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அவனுடைய அன்றாட வேலைகளில் ஒன்று எழுதுவது என்பதை யாரும் கவனிப்பதில்லை. காற்றின் திசை, விரித்த பாய், நேற்று நண்பகலிலிருந்து இன்று நண்பகல் வரை கடந்த மைல்கள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்தப் பதிவேடுதான்.

1968-இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு பந்தயம் அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். டொனால்ட் க்ரௌஹர்ஸ்ட் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, மூன்று உடல்களைச் சேர்த்துக் கட்டிய 40 அடிப் படகில் கிளம்பினார். படகு ஒழுகிற்று. பாதியில் திரும்பினால் அதன் விலை தன் தலைமேல் விழும். தென்கடலுக்குள் போனால் உயிர் போகும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ரேடியோவில் ஒரு தந்தி கொடுத்தார்: ஒரே நாளில் 243 மைல். கடல் மைல் கணக்கில் இது 450 கிலோமீட்டர். தனி ஆளின் சாதனை என்று பத்திரிகைகள் கொண்டாடின. அது நடக்கவில்லை.

இந்தப் பொய்யின் தொழில்நுட்பம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. நேர்மையான மாலுமி உச்சிவேளையில் செக்ஸ்டன்டால் சூரியனின் உயரத்தை அளக்கிறான். கப்பல் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கூட்டிக் கழித்தால் அட்சரேகை வந்துவிடும். க்ரௌஹர்ஸ்டுக்கு வழி தலைகீழ். இல்லாத இடத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும், பிறகு அங்கே அன்று சூரியன் எந்த உயரத்தில் நின்றிருக்கும் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இருப்புத் தொகையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற ரசீதுகளை உண்டாக்குகிறவன், ஒழுங்கான குமாஸ்தாவைவிடத் தேர்ந்த கணக்கனாக இருந்தாக வேண்டும்.

கவிஞரான நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இதுதானய்யா படைப்பு" என்றார். எனக்குச் சம்மதமில்லை. நாவலாசிரியன் தன் 243 மைலுக்குப் பரிசுப் பணம் கேட்பதில்லை. க்ரௌஹர்ஸ்டின் செய்கைக்கு நெருங்கிய உறவு படைப்போடு அல்ல, விமர்சனத்தோடுதான் என்று படுகிறது. மாலையில் பணத்தை எண்ணிக் கணக்கு நேரானால்தான் என்னால் வீடு திரும்ப முடியும். இரவில் கவிதை பற்றி எழுத உட்கார்ந்தால் நேர் பார்க்க எவரும் இல்லை. ஒரு கவிதை தன்னை உலுக்கியதாக முதலில் தீர்மானித்துக்கொண்டு, உலுக்கியிருந்தால் என்னென்ன சொல்லியிருப்போம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவிடலாம். அப்படிப்பட்ட கட்டுரைகள் நம்மிடையே வந்துகொண்டுதான் இருக்கின்றன. பல நன்றாகவும் எழுதப்பட்டிருக்கின்றன; அதுதான் சங்கடம்.

அதே டிசம்பரில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தென் பசிபிக்கில் இருந்தார். பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு, 'சுஹைலி'. ரேடியோ செத்துவிட்டது. நவம்பர் இறுதியில் நியூசிலாந்தை விட்ட பிறகு ஏப்ரலில் அஸோர்ஸ் அருகே தென்படும் வரை அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்றே யாருக்கும் தெரியாது. 312 நாளில் சுற்றி முடித்தார், சராசரி நாளுக்கு நூறு மைலுக்கும் சற்றுக் குறைவு. கிழிந்ததைத் தைத்து, நீரை இறைத்து, அன்றைய மைலை எழுதுவது. நாளை மறுபடியும் அதே. க்ரௌஹர்ஸ்டோ அந்த நாட்களில் தனியாகவே இல்லை. லண்டனில் பத்திரிகை விரிக்கிற வாசகன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

(பந்தயத்தை உதறிவிட்டு தஹிதிக்குப் போன மொய்தெஸியேயைத்தான் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். உதறியதையும் ஒரு கப்பலுக்கு உண்டிவில்லால் எறிந்து அறிவித்துவிட்டுத்தான் போனார் என்பதால் எனக்கு அவரிடம் முழு நம்பிக்கை வரவில்லை.)

நைஜல் டெட்லி, க்ரௌஹர்ஸ்ட் பின்னால் நெருங்கி வருவதாக நம்பி, ஏற்கனவே நைந்துபோன தன் படகை விரட்டினார். 1969 மே 21 அன்று அது மூழ்கிற்று, அவர் பிழைத்தார். ஜூலை 10 அன்று 'பிக்கார்டி' என்ற பிரிட்டிஷ் கப்பல், அட்லாண்டிக்கில் க்ரௌஹர்ஸ்டின் படகை ஆளில்லாமல் கண்டது. பதிவேடுகள் உள்ளே இருந்தன. உண்மையில் எந்தெந்த நாளில் எங்கே இருந்தார் என்பது அவற்றில் இருந்தது. சுற்றிலும் கடல், தூக்கி எறிய ஒரு நொடி போதும். எறியவில்லை.