ஓரத்தில் அமர்ந்தவர்

சென்ற மாதம் பழைய பெட்டியொன்றை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது ஒரு குறுந்தகடு அகப்பட்டது. அதன் மேல் என் கையெழுத்தில் ‘நாதம் - இறுதி - 2004’ என்று எழுதியிருந்தது. புதுச்சேரியில் ஊடகவியல் படித்த இறுதியாண்டில், செய்முறைத் தேர்வுக்காக நான் வடிவமைத்த இசைப் பத்திரிகை அது. நண்பர் ஒருவரின் பழைய கணினியில் போட்டுப் பார்த்தோம். கட்டுரைக் கோப்புகள் யாவும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் திறந்தன. ஒருங்குறி எங்கள் பக்கம் வந்து சேராத காலம் அது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு தனி விசைப்பலகை, ஒரு தனி உலகம். அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழும் இல்லை. அட்டைப்படம் மட்டும் நேற்றுச் செய்ததுபோல் பளிச்சென்று விரிந்தது.

அந்த அட்டைப்படத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

என் ஊர் தருமபுரம். இப்படிச் சொன்னவுடன் பெரும்பாலோர் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள ஆதீனத்தை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. காரைக்காலுக்கும் திருநள்ளாற்றுக்கும் இடையில், சனிப்பெயர்ச்சிக்குப் போகும் பேருந்துகள் நிற்காமல் கடந்துவிடும் சிற்றூர். ஆனால் தேவாரப் பாடல் பெற்ற தலம். இங்குள்ள இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். ஓர் இசைக்கருவி தோற்ற கதையைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் கடவுள். அக்கதைக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் இசைக்கும் உள்ள உறவு தாத்தாவின் வழியாக வந்தது. அவர் ஒத்து ஊதியவர். ஒத்து என்பது நாகஸ்வரத்தைப் போன்றே தோற்றமளிக்கும் கருவி. ஆனால் அதில் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள ஒன்றிரண்டு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். அதன் பிறகு ஒரே சுரம்தான். சுவாமி புறப்பாடு தொடங்கியதிலிருந்து நிலைக்கு வந்து சேரும்வரை அந்த ஒரே சுரம் அறுபடக் கூடாது. நாயனக்காரர் மூச்சு வாங்கலாம், வெற்றிலை போடலாம், தவிலுக்குத் தனி விட்டுவிட்டு ஓய்ந்து நிற்கலாம். ஒத்துக்காரருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுக்க வேண்டும். சிறுவயதில் பப்பாளி இலைத்தண்டை ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகியதாகத் தாத்தா சொல்வார். நாகஸ்வரம் கற்க வருகிற பிள்ளைகளிடம் முதலில் ஒத்தைத்தான் கொடுப்பார்கள். காதில் சுருதி ஊறிய பிறகு அவர்கள் நாயனத்துக்குப் போய்விடுவார்கள். தாத்தா போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வகுப்பில் மற்றவர்கள் பெரும்பாலும் திரையிசைப் பத்திரிகைகளை வடிவமைத்தார்கள். அட்டையில் ரஹ்மான் அல்லது இளையராஜா. நான் நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டதற்குப் பக்தியைவிடச் சோம்பலே காரணம். வீட்டிலேயே படங்கள் இருந்தன, கேட்டால் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். முன்மாதிரியாகக் கல்லூரி நூலகத்தில் ‘சுருதி’ இதழ்கள் கிடைத்தன. 1983இல் பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய ஆங்கில மாத இதழ். இசைக்கும் நடனத்துக்கும் ஓர் இதழை இத்தனை ஆண்டு நடத்த முடிந்திருக்கிறது என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

பத்திரிகை வடிவமைப்பு என்பது பாதி அழகியல், பாதி கணக்கு. நடுவில் கம்பி அடித்துக் கட்டும் இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். நான் அட்டையோடு 24 பக்கங்கள் என்று வைத்துக்கொண்டேன். மடித்தால் ஆறு தாள்கள். பேஜ்மேக்கரில் மூன்று பத்திகள் பிரித்து, ஓரத்தில் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டு, தலைப்புகளுக்குத் தடித்த எழுத்தும் உள்ளே மெல்லிய எழுத்துமாக இரவெல்லாம் அடுக்கினேன். நடுப்பக்கத்தை யாழுக்கு ஒதுக்கினேன். எங்கள் ஊர்க்காரன் வேறு எதை வைப்பான்?

அங்குதான் முதல் சிக்கல். யாழின் படம் வேண்டும். யாழ் எப்படி இருக்கும்? அதைக் கண்ணால் கண்டவர் யாரும் இன்று இல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று பழைய உரைகள் சொல்கின்றன. அமராவதிச் சிற்பங்களில் வில்போல் வளைந்த ஒரு கருவி இருக்கிறது. சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் அப்படியொன்றை மடியில் வைத்து மீட்டுகிறான். பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் வளைந்த யாழ் இதன் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் எங்கள் டெல்டாவிலேயே, திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டே அவர் மறைந்தார். இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு வில்யாழை நானே வரைந்து நடுப்பக்கத்தில் வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அட்டைக்கு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொண்டேன். ஏதோவொரு திருவிழாவில் எடுத்தது. நடுவிலிருந்து சற்று வலப்புறமாக, மார்பில் பதக்கங்கள் தொங்க நாகஸ்வர வித்வான். அவருக்கு அருகில் இரண்டாம் நாயனம். இருபுறமும் தவில்கள். தாளக்காரப் பையன். இடது ஓரத்தில், கண்களைப் பாதி மூடி, கன்னம் உப்ப, தாத்தா. படம் அகலமானது, அட்டையோ உயரமானது. அகலமான படத்தை உயரமான அட்டையில் பொருத்த வேண்டுமென்றால் எதையாவது வெட்டியாக வேண்டும். வித்வானை நடுவில் நிறுத்தினேன். தவில்காரர்களில் ஒருவர் முழுதாகவும் இன்னொருவர் பாதியாகவும் தேறினார்கள். தாத்தா சட்டகத்துக்கு வெளியே போனார். இதைச் செய்தபோது எனக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். வடிவமைப்பு நோக்கில் அது சரியான வெட்டு.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வண்ண நகல் ஒன்றைத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வித்வானின் பதக்கங்களை விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

“ஏன் தம்பி, இதுல சுருதி எங்கே?”

‘நான் எங்கே’ என்று அவர் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “அட்டையில இடம் பத்தல தாத்தா” என்றேன். “அப்படியா, சரி” என்று சொல்லிவிட்டு நகலைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரலில் வருத்தம் இல்லை. பழகிப்போன ஒன்றைக் கேட்டுக்கொள்ளும் தொனி மட்டுமே இருந்தது.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து கேட்ட கதைதான், அன்று வேறு மாதிரி ஒலித்தது. சேக்கிழார் சொல்வது இது. திருஞானசம்பந்தர் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழிலிட்டு வாசிப்பார். தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். இங்கு வந்தபோது அவருடைய உறவினர்கள், பிள்ளையின் பாடல் உலகெங்கும் பரவியது நீர் அதை யாழில் வாசித்ததால்தான் என்று அவரைப் புகழ்ந்தார்கள். சொந்த ஊர்க்காரர்களின் பெருமிதம், வேறென்ன. பாணர் நடுங்கிப் போனார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் தாமே வேண்டினார். சம்பந்தர் பாடினார். நரம்பு பின்தொடர முடியாமல் நின்றது. யாழை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்ற அளவில் வாசியும் என்று சொல்லி யாழை அவரிடமே திருப்பிக் கொடுத்தார் சம்பந்தர். அந்தப் பண்ணுக்கே யாழ்மூரி என்று பெயராயிற்று. இன்று அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

இதற்கு இசைநோக்கில் ஒரு விளக்கம் உண்டு. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையைப் போல் மெட்டின் மேல் நரம்பை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதில் வழியில்லை. குரலுக்கு அந்தத் தடை கிடையாது. சுரங்களுக்கு இடையில் உள்ள வெளியில் குரல் நடமாடத் தொடங்கியபோது யாழ் நின்றுவிட்டது. பின்னாளில் வீணை அதன் இடத்துக்கு வந்ததற்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு.

கதையை இதுவரை நான் சம்பந்தரின் கதையாகவே கேட்டிருந்தேன். அன்று அது பாணரின் கதையாகத் தெரிந்தது. உறவினர்கள் செய்த தவறு என்ன? ஓரத்தில் இருந்தவரைப் பார்த்ததுதான். பாணர்கள் கோயிலுக்குள் எளிதாக நுழைய முடியாத காலம் அது. மதுரையில் வெளியே நின்று வாசித்தவரை உள்ளே அழைத்துவர இறைவனே அடியார்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. திருவாரூரில் அவருக்கென்று வடபுறத்தில் தனி வாயில் திறக்க வேண்டியிருந்தது. பின்னொரு காலத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபோது அவற்றின் பண்களை வகுத்துத் தந்தவள் இந்தப் பாணரின் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பாடியவரின் சொல்லை ஏடு காத்தது. இசையைக் காத்தது பக்கத்தில் அமர்ந்தவரின் பரம்பரை.

நம் மொழி இதில் கொஞ்சம் கொடுமையானது. ‘ஒத்து ஊதாதே’ என்கிறோம். ‘ஜால்ரா அடிக்கிறான்’ என்கிறோம். ‘பின்பாட்டுப் பாடுகிறான்’, ‘தாளம் போடுகிறான்’. சுயமரியாதை இல்லாதவனைத் திட்ட வேண்டுமென்றால் தமிழன் நேராகக் கச்சேரி மேடையின் ஓரத்துக்குப் போய் ஒரு சொல்லை எடுத்து வருகிறான். கச்சேரி அழைப்பிதழில் பாடகரின் பெயர் பெரிதாக, வயலினும் மிருதங்கமும் சிறிதாக, தம்புராக்காரரின் பெயர் இல்லவே இல்லை. ஒத்து மேடையிலிருந்து இறங்கியதும் அப்படித்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தம் கச்சேரிகளில் ஒத்தின் இடத்தில் தம்புராவை வைத்தார். இசைக்கு அது நன்மையே செய்திருக்கலாம். புறப்பாடுகளில் மிஞ்சியிருந்த ஒத்தையும் பின்னர் மின்னணுச் சுருதிப்பெட்டி விழுங்கிற்று. தாத்தா அந்தப் பெட்டியை வெறுக்கவில்லை. “அதுக்கு மூச்சு வாங்காது” என்பார், பொறாமையில்லாமல்.

கல்லூரிக்குத் திரும்பியதும் அட்டையைக் கலைத்தேன். படத்தை வெட்டாமல் முன்னட்டை, பின்னட்டை இரண்டிலும் ஒரே படமாக ஓடவிட்டேன். இதழை விரித்துக் கவிழ்த்தால் வலப்பக்கம் முன்னட்டை, இடப்பக்கம் பின்னட்டை. மடிப்பு ஒரு தவில்காரரின் தோளில் விழுந்தது. பின்னட்டை முழுவதும் தாத்தா.

தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “பின்னட்டை விளம்பரம் எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பின்னட்டைதான் ஒரு பத்திரிகையில் அதிக விலைக்குப் போகும் இடம், அதை இழந்த பத்திரிகை மூன்றாம் இதழைப் பார்க்காது என்றார். மதிப்பெண் குறைந்தது. தாத்தாவிடம் பிரதியைக் கொடுத்தபோது அவர் அதை விரித்து, கவிழ்த்து, ஒரு முறை பார்த்தார். “இப்ப சரி” என்றார். அவ்வளவுதான். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் மனநிறைவாக இருந்திருக்கும். இத்தனை ஆண்டுகளாக நான் நண்பர்களிடம் சொல்லிவந்ததும் இதுவரைதான். ஆனால் குறுந்தகடு கிடைத்துவிட்டதே.

குப்பையாகத் திறந்த கோப்புகளை எழுத்துருமாற்றியில் இட்டு ஒவ்வொன்றாக மீட்டேன். நாகஸ்வரம் செய்ய உதவும் ஆச்சா மரம் பற்றி ஒரு பக்கம். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பற்றி ஒரு பக்கம். சீவாளி பற்றி ஒரு பெட்டிச் செய்தி. வித்வானின் மகனுடைய பேட்டி மூன்று பக்கங்கள். யாழ் பற்றி நடுப்பக்கம், தலபுராணத்தோடு. தாத்தாவின் பெயரைத் தேடுபெட்டியில் இட்டுப் பார்த்தேன். இல்லை. ‘ஒத்து’ என்று தேடினேன். ‘ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி’ என்ற வரியில் மட்டும் வந்தது.

24 பக்கங்களில் ஒரு பக்கம்கூட அவரிடம் பேசுவதற்கு நான் ஒதுக்கவில்லை. யாரும் பார்த்திராத யாழுக்காகப் பல இரவுகள் நூலகத்தில் கிடந்தவனுக்கு, திண்ணையில் இருந்த ஒத்துக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அவரை அட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன். அவருடைய படத்தைத்தான் கொண்டுவந்திருந்தேன். ஏன் நாயனத்துக்குப் போகவில்லை, ஒரே சுரத்தை நாலைந்து மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்போது மனம் எங்கே இருக்கும், வித்வான் சறுக்கிய இரவுகளில் அது அவருக்கு முதலில் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்வார். இன்று என்னிடம் கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவர் 2009இல் காலமானார்.

அவருடைய ஒத்து இன்னும் வீட்டில் இருக்கிறது. சீவாளி உலர்ந்து உதிர்ந்துவிட்டது. அடித்துளைகளில் அவர் கடைசியாக வைத்த மெழுகு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சுருதிக்கு அதை வைத்தார் என்று சொல்ல இனி யாரும் இல்லை.