உம்மாவின் ஸர்ஃபும் மகளின் ஆங்கிலமும்



2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் ஒரு நாள். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லச் சற்று நேரமே இருந்தது. என் மூத்த மகள் கைப்பேசியைப் பாயின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து அமர்ந்தாள். முகத்தைப் பார்த்த அளவிலேயே செய்தி விளங்கிவிட்டது. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் முடிவு அன்றுதான் வெளியாகியிருந்தது. கேட்டல் 7.5, பேசுதல் 7, எழுதுதல் 6.5. இவை மூன்றும் போதுமானவை. வாசித்தலுக்கு மட்டும் 7 வேண்டியிருக்க, 6.5தான் கிடைத்திருந்தது.

அந்த அரைப் புள்ளிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வாழ்வே நின்றது. என் மகள் செவிலியர் பட்டம் பெற்றவள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற முயன்று கொண்டிருந்தாள். என் மருமகன் சவூதியில் வேலையிழந்து 2017இல் ஊர் திரும்பியவர். காயல்பட்டினத்து வழக்கப்படி எங்கள் வீட்டிலேயே இருந்தார். இரண்டு வயதில் ஒரு பேத்தி. ஹிஃப்ழு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பதின்மூன்று வயது மகன். என் கணவரோ 2014இலேயே வஃபாத்தாகிவிட்டார். தேர்வுக் கட்டணத்திற்காக என் வளையல் ஒன்றை விற்றிருந்தேன். அடகு வைத்தால் வட்டி வருமே என்றுதான் விற்றேன். இனி மற்றொரு வளையலுக்கு வேலை வந்துவிட்டது.

“மறுபடியும் எழுதலாம், மகளே. இறைவன் நாடினால் கிடைக்கும். எங்கே தவறியது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போமே” என்றேன்.

“இருவருமா? உங்கள் அரபிப் படிப்பு இதற்கு உதவாது, உம்மா” என்றாள்.

கோபத்தில் வந்த சொல்தான். ஆயினும் அது நெஞ்சில் தைத்தது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பெண்கள் அரபிக் கல்லூரியில் சில ஆண்டுகள் ஓதியவள் நான். அந்த ஓதல் மறுமைக்கு உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இம்மையில், என் பிள்ளையின் ஒரு தேர்வுக்கு அது உதவுமா என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றிரவு அவளுடைய குறிப்பேட்டை எடுத்து விரித்தேன்.

பயிற்சி நிலையத்தில் அவளுக்கு மூவாயிரம் கடுஞ்சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் அகரவரிசையில் இருந்தன. கூர்மதி உடையவரைக் குறிக்கப் ‘பெர்ஸ்பிகேஷியஸ்’, துயரம் தோய்ந்ததைக் குறிக்க ‘லுகூப்ரியஸ்’ என்பன போன்ற சொற்கள். மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வந்து, கண் எரிய எரிய அவற்றை மனனம் செய்து, பாதிப் பட்டியலைக் கடந்திருந்தாள். தேர்வில் அவற்றுள் ஒன்றுகூட வரவில்லை என்று அவளே சொன்னாள்.

அப்படியானால் தேர்வில் வருவது என்ன? அறுபது நிமிடம், மூன்று கட்டுரைகள், நாற்பது வினாக்கள். கட்டுரைகள் அறிவியல், வரலாறு, சமூகம் போன்ற பொருள்களில் அமைந்தவை. அவற்றின் கடினம் அரிய சொற்களில் இல்லை. அறிஞர்கள் எந்தத் துறையைப் பற்றி எழுதினாலும் திரும்பத் திரும்பக் கையாளும் ஒருவகைச் சொற்களில் இருக்கிறது. ‘டெரைவ்’ என்றால் ஒன்றிலிருந்து பெறுதல். ‘கான்ஸ்டிட்யூட்’ என்றால் கூறாக அமைதல். ‘அட்ரிப்யூட்’ என்றால் இதற்கு இது காரணம் என்று சாற்றுதல். ‘ஸப்ஸிக்வென்ட்’ என்றால் பின்னர் நிகழ்ந்தது. இத்தகைய சொற்களை நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் மொழியியலார் திரட்டி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுமார் 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் நூற்பகுதிகளை ஆராய்ந்து அவர் கண்டெடுத்தவை 570 சொற்குடும்பங்கள். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவையே. மூவாயிரம் எங்கே, 570 எங்கே! அந்தப் பட்டியலை மருமகன் தேடி எடுத்து அச்சிட்டுத் தந்தார்.

அதில் ‘சொற்குடும்பம்’ என்ற பெயரைக் கேட்டதுமே எனக்குள் ஏதோ விழித்தது. “நீ உரக்க வாசி, நான் கேட்கிறேன்” என்றேன். பட்டியலைத் தாண்டி அவளுக்குத் தெரிந்த சொற்களையும் வாசிக்கச் சொன்னேன். மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு ‘ப்ரிஸ்கிரிப்ஷன்’. கையெழுத்துப் படி ‘மேனுஸ்கிரிப்ட்’. கல்வெட்டு ‘இன்ஸ்கிரிப்ஷன்’. பத்திரிகைக்குக் கட்டும் சந்தா ‘சப்ஸ்கிரிப்ஷன்’.

“எல்லாவற்றிலும் ‘ஸ்கிரிப்’ என்று ஒன்று வருகிறதே, அது என்ன?” என்று கேட்டேன்.

அகராதியைப் புரட்டினாள். “லத்தீன் மொழியில் எழுதுதல் என்று பொருளாம், உம்மா.”

“அப்படியானால் இது நம்முடைய காஃப், தா, பா அல்லவா!”

சகோதரிகளே, அரபு இலக்கணத்தில் ஸர்ஃபு என்னும் சொல்லியல் கலையை ஓதியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். ‘நஸர, நஸரா, நஸரூ’ என்று வாய் வலிக்க ஓதிய நாட்களில், ஒரு சொல்லைக் கண்டால் அதன் மூல எழுத்துகளைத் தேடு என்பதே எங்கள் ஆசிரியை கற்பித்த முதற்பாடம். காஃப், தா, பா என்னும் மூன்று எழுத்துகளுக்கு எழுதுதல் என்பது அடிப்படைப் பொருள். அதிலிருந்து எழுதப்பட்ட நூல் கிதாப். எழுதுபவர் காதிப். எழுதப்பட்டது மக்தூப். எழுதக் கற்கும் இடம் மக்தப். ஒரு வேரைப் பிடித்தால் ஒரு மரமே கைக்கு வரும். அரபு, வேரின் உள்ளே உயிரொலிகளை மாற்றியும் எழுத்துகளைக் கூட்டியும் புதுச்சொல் படைக்கிறது. ஆங்கிலம், லத்தீனிலிருந்து வாங்கிய வேருக்கு முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்க்கிறது. வழி வேறாயினும் வேரைத் தேடும் கண் ஒன்றே.

அன்றிரவு நெடுநேரம் இருவரும் வேர் தேடினோம். ‘டிக்ட்’ என்றால் சொல்லுதல். முன்னதாகச் சொன்னால் ‘ப்ரெடிக்ட்’. எதிர்த்துச் சொன்னால் ‘கான்ட்ரடிக்ட்’. உண்மையைச் சொல்லும் தீர்ப்பு ‘வெர்டிக்ட்’. சொல்லச் சொல்ல மகளின் முகம் மலர்ந்தது. ஆயினும் வேர் சில இடங்களில் ஏமாற்றவும் செய்யும். ‘இன்’ என்னும் முன்னொட்டு பல சொற்களில் எதிர்மறை தரும். அதை நம்பி ‘இன்வேல்யுவபிள்’ என்பதற்கு மதிப்பற்றது என்று பொருள் கொண்டால் தவறாகிவிடும். மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதே அதன் பொருள். எனவே வேரால் ஊகித்து, வாக்கியத்தில் வைத்துச் சரிபார்ப்பதென்று விதி செய்துகொண்டோம்.

அந்தத் தேடலில் ஒரு பரிசும் கிடைத்தது. பத்திரிகையைக் குறிக்கும் ‘மேகஸின்’ என்னும் ஆங்கிலச் சொல் அரபியிலிருந்து சென்றது. பண்டகசாலையைக் குறிக்கும் மக்ஸன் என்பதன் பன்மை மகாஸின். ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்த அது, 1731இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ என்னும் இதழின் பெயரில், பல செய்திகளைச் சேர்த்துவைத்த களஞ்சியம் என்னும் பொருளில் அமர்ந்தது. “நம் சொல்லைத்தான் நான் அந்நியச் சொல் என்று அஞ்சிக்கொண்டிருந்தேனா?” என்று மகள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பின் அவள் சிரித்தது அன்றுதான்.

வேர் கிடைத்தும், கற்றது நிலைக்கவில்லை. நாளொன்றுக்கு எட்டுச் சொற்குடும்பம் வீதம் எழுபத்திரண்டு நாளில் முடிப்பது என்று திட்டமிட்டோம். பத்தாம் நாள் முதல்நாள் சொற்களைக் கேட்டேன். பாதி மறந்திருந்தாள். அருகில் முஸ்ஹஃபை மூடி வைத்துவிட்டு எழுந்த என் இளைய மகன், “ராத்தா, நீ புதுப்பாடம் மட்டும் எடுக்கிறாய், தவ்ர் ஓதுவதே இல்லையே!” என்றான்.

ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்குப் புதிய பாடமாகிய ஸபக் எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் பழைய பாடத்தை முறைவைத்துத் திருப்பி ஓதும் தவ்ர். புதுப்பாடத்தில் ஒரு நாள் குறைந்தாலும் ஹஜ்ரத் பொறுப்பார். தவ்ர் தவறினால் பொறுக்க மாட்டார். நம் மதரஸாக்கள் நடைமுறையில் கண்ட இவ்வுண்மையை, ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்கிறது, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கற்றால் அது குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. செபாஸ்டியன் லைட்னர் என்பார் 1972இல் வெளியிட்ட நூலில் இதற்கென அட்டைப்பெட்டி முறை ஒன்றையே விளக்கினார்.

நாங்களும் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்தோம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அதன் வேர், பொருள், அவளே அமைத்த ஒரு வாக்கியம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாள்தோறும் பார்ப்போம். ஐந்தாம் அறைக்கு மாதம் ஒருமுறை. அவ்வாண்டு ரமழான் மே மாதத்தில் வந்தது. ஸஹர் உணவுக்குப் பின், பஜ்ர் பாங்கு வரும்வரை ஒரு மூலையில் தம்பியின் தவ்ர், மறுமூலையில் ராத்தாவின் அட்டைகள். பேத்தி விழித்து அழுதால் மருமகன் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாவுவார்.

இன்னொரு குறையும் இருந்தது. அதுவே அந்த அரைப் புள்ளியைத் தின்றது என்பது என் கருத்து. ‘சரி, தவறு, கூறப்படவில்லை’ என்று விடையளிக்கும் வினாக்களில்தான் அவள் மிகுதியாகத் தவறினாள். சான்றாக, சின்கோனா மரப்பட்டை பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காய்ச்சலுக்கு மருந்தாயிற்று என்று மட்டும் கட்டுரையில் இருப்பதாகக் கொள்வோம். அந்தப் பட்டையிலிருந்து கொய்னா கிடைக்கிறது என்று வினா இருக்கும். செவிலியராகிய என் மகள் அதை நன்கறிவாள். உடனே ‘சரி’ என்று எழுதிவிடுவாள். ஆனால் கட்டுரை அதைச் சொல்லவில்லை. எனவே ‘கூறப்படவில்லை’ என்பதே விடை.

“உனக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை, மகளே. அவர் சொன்னதைக் கேட்கிறார்கள். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக அவர்மேல் ஏற்றலாமா?” என்றேன். கேள்விப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைப்பது நம் முன்னோர் பேணிய ஒழுக்கம். ஹதீஸ்களை அறிவித்த பெருமக்கள் இதற்காகவே எத்துணைப் பேணுதலாக இருந்தார்கள்! அந்த அமானிதப் பண்பு ஒரு வாசிப்புத் தேர்வுக்கும் வேண்டியிருந்தது. அதன்பின் ஒவ்வொரு விடைக்கும் கட்டுரையில் எந்த வரி சான்று என்று விரல் வைத்துக் காட்டும்படி செய்தேன். கட்டுரையில் ஒரு சொல்லும் வினாவில் அதே பொருளுடைய வேறொரு சொல்லும் வருவதை அவள் அடையாளம் காணத் தொடங்கியதும் அப்போதுதான். ‘அருகிப்போயிற்று’ என்பதும் ‘எண்ணிக்கை குறைந்தது’ என்பதும் ஒன்றே என அறிவது போன்றது அது. நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கில நாளிதழின் அறிவியல் பக்கத்தைப் படித்து, பட்டியலில் கற்ற சொல் அங்கே யாரோடு சேர்ந்து நிற்கிறது என்று கோடிட்டும் வந்தாள்.

ஆகஸ்ட் மாதம் செந்தூர் எக்ஸ்பிரஸில் சென்னை சென்று மீண்டும் தேர்வு எழுதினாள். பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது. வாசித்தல் 7.5. மற்றவற்றிலும் குறைவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அவள் முதலில் செய்தது ஸஜ்தா. இரண்டாவதாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்றைக்கு நான் சொன்னதை மறந்துவிடுங்கள், உம்மா” என்றாள். தவ்ர் செய்யாததால் அது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது என்றேன்.

கொரோனாவால் பயணம் தள்ளிப்போய், எஞ்சிய தேர்வுகளும் முடிந்து, 2021இல் மூவரும் புறப்பட்டார்கள். விற்ற வளையல்களுக்கு ஈடாக அவள் வாங்கி அனுப்புவதாகச் சொன்ன வளையல்களை வேண்டாமென்றுவிட்டேன். அதற்குப் பதிலாக அவள் வேறொன்று கேட்டாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் என் பேத்திக்கு அரபு வேர்ச்சொற்களைக் கற்பிக்க வேண்டுமாம். கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் அந்தச் சிறுமி, “கண்ணும்மா, கிதாபும் மக்தபும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?” என்று கேட்டாள்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு முதலில் அருளப்பெற்ற சொல் ‘ஓதுவீராக’ என்பது. எந்த மொழியில் ஓதினாலும் வேரைத் தேடி ஓதுவதும், திருப்பி ஓதுவதும், ஓதியதைக் கூட்டாமல் குறைக்காமல் கொள்வதும் நம் வீடுகளில் முன்பே உள்ள செல்வங்கள். தேர்வுக்கு அஞ்சும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ‘எனக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்கிவிடாமல் அருகில் சென்று அமருங்கள். வல்ல நாயன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.